பையோடு இருக்க ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில், பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னை என் மகள் பேட்டி எடுத்தாள்.

"உங்க பேரு?"

சொன்னேன். பெற்றவளிடமே பேர் கேட்கிறாளே என்று கோபப்படக் கூடாதாம். ரிசர்ச் என்றால் அப்படித்தானாம்.

"கடைசியா எப்ப குளிச்சீங்க?"

"இன்னைக்குக் காலைல. வீட்டுல."

"ம்மா... அருவில!"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு உமாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் – என் ஒரே மகள், பெங்களூரில் டிசைன் படிக்கிறாள். முதுகலை, கடைசி வருடம். தீசிஸுக்கு ஒரு கான்செப்ட் வேண்டும். அழகாக ஒரு நாற்காலி, ஒரு விளக்கு என்று செய்துவிட்டுப் போக முடியாது. சமூகத்துக்குப் பயன்பட வேண்டும். அவளுடைய கைடு அதில் ரொம்பக் கறார்.

முதலில் அருவிக்கரை பிளாஸ்டிக்கைக் கொண்டுபோனாள். "வருஷா வருஷம் யாராவது பிளாஸ்டிக்கோட வந்துடறாங்க" என்றாராம். அடுத்து, புளியறை செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்களுக்கு ஒரு மடக்குக் கட்டில். "லாரிக்குள்ளயே படுக்க இடம் இருக்கே, ஏறிப் பார்த்தீங்களா?" என்று கேட்டாராம். இவள் ஏறிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கடைசிக் கெடு. அதற்குள் கான்செப்ட் தேறாவிட்டால் கல்லூரியே ஒரு கம்பெனியைக் கைகாட்டிவிடும். ஆறு மாதம் உட்கார்ந்து ஷாம்பூ பாட்டிலுக்கு மூடி வரைய வேண்டும். அந்தக் கவலையில் லீவுக்கு வந்த பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை. "பிரச்சினையே கிடைக்க மாட்டேங்குதும்மா" என்று அழுதாள். தென்காசியில் உட்கார்ந்துகொண்டு பிரச்சினை கிடைக்கவில்லை என்று அழுத முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும்.

சீசன்தானே, ஒரு குளியல் போட்டால் தலை தெளியும் என்று என் வீட்டுக்காரர் எங்களைக் காரில் ஏற்றினார். வழியெல்லாம் சாரல். ஐந்தருவியில் இறங்கியதும், யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமலே எல்லாம் நடந்தது. அவர் வாட்ச், செல்போன், கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு எண்ணெய் தேய்க்கப் போனார். உமா கண்ணாடி, போன், செருப்பு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பெண்கள் வரிசைக்குப் போனாள். நான் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

பாதி தூரம் போனவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமலே ஏதோ தெரிந்திருக்கிறது. வந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"ம்மா, குடும்பத்துக்கு ஒரு ஆள் குளிக்காம உக்காந்திருக்காங்க. எல்லாம் பொம்பளையா இருக்கு!"

"ஒரு ஆள் பை பாக்கணும்லா."

"லாக்கர்ல வைக்கலாம்லா?"

"ஆள் இருக்கும்போது லாக்கர் எதுக்குட்டி?"

அவ்வளவுதான். அழுத முகம் போன இடம் தெரியவில்லை. கான்செப்ட் கிடைத்துவிட்டது... நான்தான் அது!

ஒன்று சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து இட்லி அவித்து, பொட்டலம் கட்டி, தலை சீவி நல்லபடியாகக் கிளம்பி வந்த ஒரு மனுஷி, மத்தியானத்துக்குள் சமூகப் பிரச்சினை ஆவது அப்படியொன்றும் சந்தோஷமான விஷயம் இல்லை.

பேட்டி தொடர்ந்தது.

"உங்களுக்குக் குளிக்கணும்னு ஆசை இருக்கா?"

"எனக்குச் சளி பிடிக்கும்ட்டி."

போனில் பதிவு செய்துகொண்டு அடுத்த ஆளிடம் போனாள். வீரகேரளம்புதூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வேனில் வந்த அம்மா. "எனக்கு முட்டுவலிம்மா. பிள்ளைங்க குளிச்சா போதும்." அதற்கடுத்து இலத்தூர்ப் பெண். கல்யாணமாகிப் புதிது, மாமியார் வீட்டுப் பைகள் மொத்தமும் அவளிடம். "முடி காய லேட்டாகும்க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

உமா தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தாள். "யாருக்குமே ஆசை இல்லையாம்மா. ஆசையே இல்லாதவங்களுக்கு எதுக்கு டிசைன்னு கைடு கேப்பாரு. நான் மூடிதான் வரையப்போறேன்." கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எங்கே சளி பிடிக்கிறது? ஐப்பசி மழையில் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க நனைந்துகொண்டு ஓடுகிறேன். ஒரு தும்மல் கிடையாது. இந்த அருவிச் சளி மட்டும் எப்படி வந்தது? யோசித்தால்... முதலில் பை வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் சளி வந்திருக்கிறது.

கஷ்டம் என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால்தானே அது பிரச்சினை? நம் வீடுகளில் யாருக்குக் கஷ்டமோ, அவர்தான் முந்திக்கொண்டு "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார். எந்த ரிசர்ச்சில் இது அகப்படும்?

"ஏட்டி, இதப் பிடி" என்று பைகளை அவள் மடியில் வைத்தேன்.

"எங்கன போற?"

"குளிக்க."

மாற்றுத் துணி? பையில் அவருக்கு இருந்தது, உமாவுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அடுக்கியது நான்தான். உமாவின் சுடிதாரை எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் முதுகில் மடார் மடார் என்று அடித்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை சீசனை விட்டுவிட்டோமே என்று அழுகையும் வந்தது. அருவிக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி. போலீஸ்கார அம்மா விசில் ஊதித் துரத்தும்வரை நான் வெளியே வரவில்லை.

வரும் வழியில் எதிரே முட்டுவலிக்கார அம்மா வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே இலத்தூர்ப் பெண், கொண்டையை அவிழ்த்தபடி.

"பைய உங்க மகட்ட குடுத்திருக்கேன்க்கா, இந்தா வந்துருதேன்!"

துணி மாற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், உமாவைச் சுற்றிலும் பை. மடியில் பை. கையில் யாருடையதோ செருப்பு. எழுந்திருக்க வழியில்லை. எண்ணெய் பளபளக்க, தலை துவட்டிக்கொண்டே அவள் அப்பாவும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்.

"நீ குளிக்கலையாம்மா?"

உமா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லப்பா. எனக்குச் சளி பிடிக்கும்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, அந்தப் பதிவுகளை முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வீடியோ காலில் கைடு முதலில் அதையேதான் கேட்டார். ஆசை இல்லாதவர்களுக்கு எதற்கு டிசைன்? இவள் அப்பாவிடம் தான் சொன்ன சளிப் பதிலையே எடுத்துச் சொன்னாள். கறார் மனிதர் "எங்க அம்மாவுக்கும் சைனஸ்னு சொல்லுவாங்க" என்றார். கான்செப்ட் ஓகே.

என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே இன்னும் தெரியாது. ஆறு மாதம் ஆகுமாம். அதுவரை நானும் அவளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்குச் சளி பிடிக்கும். அவருக்குத்தான் இன்னும் தெரியாது.