எட்டு மாத ஆன்டிபயாடிக்

இந்த ஊரில் ஒரு மனிதர் "எனக்குக் குடி வேண்டாம்" என்று சொன்னால் அது யார் காதிலும் ஏறுவதில்லை. "ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன்" என்று சொன்னால் மட்டும் ஊற்ற வந்த கை அப்படியே நின்றுவிடும். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிய ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. அதுவும் என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்ததால்தான் தெரிந்தது.

அவர் குடியை விட்டது மாசி மாதம். கிடர்பூரில், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. குடி அங்கே பழகினதா, அதற்கு முன்பே இருந்ததா என்கிற ஆராய்ச்சியை எல்லாம் நான் எப்போதோ விட்டாயிற்று. ஒருநாள் காலையில் காப்பியை வாங்கிக்கொண்டே, "கையில என்ன கட்டு?" என்று என்னைக் கேட்டார். முந்தின நாள் அவர் போட்டு உடைத்த கண்ணாடி ஜாடியின் மேலேயே அவர் விழப்போக, இழுத்துப் பிடித்தபோது நான் வெட்டிக்கொண்ட கை அது. அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. நடந்ததைச் சொன்னேன். காப்பியைக் குடிக்காமல் மேஜைமேல் வைத்தார். அன்றோடு நிறுத்தினார்.

நிறுத்தின மனிதரை இவர்கள் விட்டுவைத்தார்களா என்றால், அதுதான் இல்லை. டாக்குரியாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் நாங்கள் மட்டும்தான் தமிழர்கள். மற்றவர்கள் எல்லோரும் வங்காளிகள், எல்லோரும் நல்லவர்கள். என் எரிச்சலுக்குக் காரணமே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் குடித்தால் பாடுவார். வங்காளப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, யார் எதைக் கேட்டாலும் பாடுவார். கட்டடம் முழுக்க அவருக்கு ரசிகர்கள். அவர்கள் மொட்டைமாடியில் பாட்டைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். கீழே வந்தபின் பாட்டில் காலியாகும்வரை நடப்பதெல்லாம் எனக்கு மட்டும்தான்.

அதனால் அவர் விட்டுவிட்டேன் என்று சொன்னபோது அவர்களுக்கு ஏதோ கச்சேரி ரத்தான வருத்தம். மேல் மாடியில் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். கட்டடத்துக்கே அவர் தாதா, அதாவது அண்ணன். அவர் மனைவி எல்லோருக்கும் பௌதி, அண்ணி. தாதாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். விடுவதாவது, இன்றைக்கு ஒன்று, நாளையிலிருந்து விடு என்றார். அவர் வைத்த கிளாஸை என் வீட்டுக்காரர் கையில் பிடித்துக்கொண்டு, கடைசிவரை குடிக்காமல், வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் உள்ளே போனால் அவ்வளவுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த முறை கூப்பிட்டபோது அவருக்குப் பல்லில் சீழ் வைத்து, பல் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். தாதா பாட்டிலைச் சாய்க்கும்போது, ஆன்டிபயாடிக் ஓடுகிறது என்று இவர் நிஜத்தைத்தான் சொன்னார். தாதா பாட்டிலை நிமிர்த்தி மூடியைத் திருகினார். அதை முதலிலேயே சொல்லக்கூடாதா என்று கோபித்துக்கொண்டார். பௌதி வெந்நீர் கொண்டுவந்தார். மனைவி, வீடு, மானம், கல்லீரல் எதற்கும் அசையாதவர்கள் ஒரு மாத்திரைக்கு இப்படி மரியாதை கொடுத்ததைப் பார்த்து, அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

பல் சரியாகிவிட்டது. மாத்திரை தீர்ந்துவிட்டது. நாங்கள்தான் அதைத் தீர விடவில்லை. அடுத்த அழைப்புக்குத் தொண்டை. அதற்கடுத்ததற்குக் காது. ஒரு கல்யாண வரவேற்பில் காலில் ஏதோ கட்டி. கழுத்துக்கு மேலே எல்லாம் தீர்ந்துபோனபின் வேறு வழியில்லாமல் கீழே இறங்கினேன். எந்த வீட்டில் எந்த வியாதி சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்வது என் பொறுப்பானது. பாங்கில் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில்கூட என் மூளை இவ்வளவு உழைத்ததில்லை. அவரோ கேட்டால் போதும், நிஜமாகவே காதைப் பிடித்துக்கொள்வார்.

வங்காளிகளிடம் வியாதி என்று வாயைத் திறக்கவே கூடாது. இங்கே பிறந்து வளர்ந்தும் இந்தப் புத்தி எனக்கு வேலை செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி, ஒவ்வொருவரும் ஒரு டாக்டர். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், வெறும் வயிற்றிலா, வயிறு எப்படி இருக்கிறது, காலையில் சரியாகப் போகிறதா என்று என் வீட்டுக்காரரை நடுக்கூடத்தில் நிறுத்திக் கேட்பார்கள். ஆன்டிபயாடிக் வயிற்றைக் கெடுக்கும் என்று இரண்டாம் மாடியிலிருந்து தயிர் வந்தது. முதல் மாடியிலிருந்து ஹோமியோபதி உருண்டை வந்தது. லிஃப்டில் பார்த்தால் இளைத்துவிட்டார் என்று உச்சுக்கொட்டினார்கள். குடியை விட்டதில் தொப்பை குறைந்திருந்தது, அவ்வளவுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயிரை வாங்கி மோர்க்குழம்பு வைத்தேன்.

துர்கா பூஜை முடிந்து, பிஜோயாவுக்கு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து வாழ்த்துச் சொல்லும் வாரம் வந்தது. மொட்டைமாடியில் தாதா எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். போகாமல் இருந்தால் மரியாதையில்லை. நான் ஒரு பாத்திரம் நிறைய மசால் வடை சுட்டு எடுத்துக்கொண்டேன். படியேறும்போது இவர், இன்றைக்கு எந்த வியாதி என்று கேட்டார். பல்லே இருக்கட்டும், அதுதான் நிஜமாக வந்தது, குழப்பம் வராது என்றேன்.

மாடியில் லூச்சி என்கிற மைதாப் பூரி, சுண்டல், உப்புப் பிஸ்கட் மாதிரி நிம்கி எல்லாம் இருந்தன. ஓரத்து மேஜையில் பாட்டில். தாதா கிளாஸை நீட்டினார், இவர் பல்லைச் சொன்னார், தாதா வருத்தத்தோடு கையை இழுத்துக்கொண்டார். எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அப்போது தாதாவின் தங்கை மகள், வெளியூர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருப்பவள், லீவுக்கு வந்திருந்தவள், என்ன மாத்திரை என்று கேட்டாள். இவருக்குத் தெரிந்தது ஒரே பெயர். அமாக்சிசிலின் என்றார்.

அதற்கு ஒன்றும் பயமில்லையே என்றாள் அந்தப் பெண். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளோடு அளவாகக் குடித்தால் ஆபத்து வராது, மாத்திரையின் வேலையும் கெட்டுவிடாது, உடம்பு தேறும்வரை குடிக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் கூடவே கூடாது என்பது ஒரு சில மருந்துகளுக்குத்தான் என்று அழகாக, பொறுமையாக எடுத்துச் சொன்னாள். சிலர் குடிக்க வேண்டும் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பெரிய தப்பு என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் சரி. உலகத்தில் எத்தனையோ உண்மைகள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும்போது இந்த ஒன்று மட்டும் இந்த மாடிக்கு, இந்த நேரத்துக்கு வந்து சேர வேண்டுமா? அந்தப் பெண்ணை அங்கேயே கிள்ள வேண்டும்போல இருந்தது.

மாடியில் ஒரே கொண்டாட்டம். தாதா ஊற்றி, இவருடைய கையில் கிளாஸைத் திணித்து, விரல்களையும் மூடிவிட்டார். எட்டு மாதத்துக்குச் சேர்த்துப் பாட வேண்டும் என்று யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். இவர் கிளாஸைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பல் டாக்டர் இன்னொரு மாத்திரையும் கொடுத்திருக்கிறாரே என்று குறுக்கே விழுந்து சொன்னேன். பெயர் வாயில் வரவில்லை. மெட்ரோனிடசோலா என்று அந்தப் பெண்ணே கேட்டாள். அதுதான் என்றேன்.

அவள் முகம் மாறியது. அதோடு ஒரு சொட்டுகூடக் கூடாது, முகம் சிவந்து வாந்தி வரலாம், நெஞ்சு படபடக்கலாம் என்றாள். தாதா தீப்பட்டதுபோல கிளாஸைப் பிடுங்கிக்கொண்டார். தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன்.

மூச்சு முழுதாக வெளியே வரவில்லை, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று அவள் கேட்டாள். மார்ச் மாதத்திலிருந்தே ஆன்டிபயாடிக்தான் என்றார் தாதா. எங்களிடம் காது என்றார்களே என்றது இரண்டாம் மாடி. தொண்டை இல்லையா என்றது முதல் மாடி. அந்தப் பெண்ணுக்குக் கவலை வந்துவிட்டது. இதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் நரம்பு கெட்டுப்போகும், யார் கொடுத்தது, சீட்டைக் காட்டுங்கள், நானே கீழே வந்து பார்க்கிறேன், பெரிய டாக்டரிடம் இப்போதே போனில் பேசுகிறேன் என்று செல்லை எடுத்துவிட்டாள். யாரும் லூச்சியைத் தொடவில்லை. எல்லோரும் என் வீட்டுக்காரரின் குறைந்த தொப்பையைப் பார்த்தார்கள். அவர்கள் மனசில் ஓடின வியாதியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. தாதாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எங்களிடம் எதை மறைக்கிறாய், நாங்கள் உனக்கு யாருமில்லையா என்று இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இப்படி அன்பைக் கொட்டினால் மனுஷி என்னதான் செய்வது?

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்து, "போதும், விடு," என்றார் தமிழில். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வங்காளத்தில் சொன்னார்.

"எனக்கு வியாதி ஒண்ணும் இல்ல. மாத்திரையும் இல்ல. குடிக்காம இருக்க என்னால முடியுது. ஒண்ணு குடிச்சிட்டு நிறுத்தத்தான் முடியல. இவ கை வெட்டுப்பட்டது என்னாலதான். அதுகூட எனக்கு ஞாபகம் இல்ல."

அந்தப் பெண் செல்லை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பௌதி என் கையைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்மேல் கோபமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பெருமையாகவும் இருந்தது.

தாதாதான் முதலில் பேசினார். முகமெல்லாம் மலர்ந்து போயிற்று. "இவ்வளவுதானா? நான் கேன்சரோன்னு பயந்துட்டேன்," என்றார். அந்தச் சந்தோஷத்தில், அம்மன் சத்தியமாகச் சொல்கிறேன், அதே கிளாஸை எடுத்து மறுபடியும் இவரிடம் நீட்டினார். ஒன்றே ஒன்று, நானே பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்துகிறேன் என்றார். இந்த ஜனங்களை என்ன செய்வது? கையில் இருந்த வடைத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று தோன்றியது.

"வேணாம் தாதா," என்றார் என் வீட்டுக்காரர். காதைப் பிடிக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. தாதா கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு வீணாக்குவானேன் என்று அதைத் தானே குடித்தார். இவரைப் பாடச் சொன்னார்கள். பாடினார். குடிக்காமல் பாடியதில் பாட்டு சுமார்தான், நடுவில் ஒரு வரி மறந்தும் போயிற்று. கைதட்டினார்கள், அவ்வளவு பலமாக இல்லை. அவர் இரண்டு லூச்சி கூடுதலாகச் சாப்பிட்டார்.

நாங்கள் சீக்கிரமே இறங்கிவிட்டோம். அவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் பௌதி நின்றார், கையில் என் வடைப் பாத்திரம். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று நாலு சந்தேஷ் இனிப்பு போட்டிருந்தார். வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை. என் கையில் இருந்த தழும்பை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ரெண்டாவது மாத்திரை, ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னு பொண்ணு சொன்னாளே, அது பேரு என்ன?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதெல்லாம் பொய் என்று இப்போதுதானே அவர் எல்லோர் எதிரிலும் சொன்னார், நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள் என்றேன்.

"தெரியும்," என்றார். "எனக்கு அவர் பயப்பட மாட்டார். மாத்திரைக்குப் பயப்படுவார்."

மேலேயிருந்து தாதாவின் சிரிப்பு கேட்டது. இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பை நான் கேட்கிறேன், சிரிப்பு முடிந்தபிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெயரைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நடுவில் தடுக்கியது. மறுபடியும் சொல்லிக் கொடுத்தேன்.

"அவருக்குக் கொடுத்துடாதீங்க பௌதி. பேரை மட்டும் சொல்லுங்க," என்றேன்.

தலையாட்டினார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே படியேறிப் போனார்.