சிடோனி அனுப்பாத வெள்ளைப் புறா

ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையிலும் துணி காயப்போட்ட ஒரே பொம்பளை சிடோனிதான். இது லேசுப்பட்ட காரியம் இல்லை. பந்தயப் புறாக்கள் பிரான்சிலிருந்து பறந்து வந்து ஊருக்கு மேலே வட்டம் போடுகிற நேரம் அது. கொடியில் படபடக்கிற வெள்ளை விரிப்பைக் கண்டால் புறா மிரண்டுபோகும், கூண்டுக்குள் இறங்காது. இறங்காத புறாவுக்குப் பரிசு ஏது? ஆம்பளைகள் வேலியோரம் வந்து, துணியைக் கொஞ்சம் எடும்மா என்று கெஞ்சுவார்கள். உங்க புறாவுக்குக் கண்ணு சரியில்லேன்னா கண்ணாடி வாங்கி மாட்டுங்க என்பாள் சிடோனி. பாதிரியார்கூட ஓய்வு நாளைப் பற்றி எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவரும் புறா வளர்க்கிறவர் என்பதால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்பா புறாக்காரர். வீட்டில் ரொட்டிக்கு வெண்ணெய் இல்லாத வருஷத்திலும் புறாவுக்குப் பட்டாணி குறைந்ததில்லை. கட்டிக்கொண்ட ரெமியும் புறாக்காரன். கல்யாண விருந்தில் முயல் கறி மேசைக்கு வந்த நேரம், தொலைந்துபோன புறா ஒன்று கூரைக்குத் திரும்பிவிட்டது என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை எழுந்து ஓடினவன்தான். காபி ஊற்றும்போது தலையெல்லாம் வைக்கோலோடு வந்து உட்கார்ந்தான். நல்லவன், குடிக்க மாட்டான், ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஆனால் பெண்டாட்டியிடம் பேசியதைவிடப் புறாவிடம் பேசியதுதான் அதிகம். நெஞ்சில் சளி கட்டிச் சாகக் கிடந்தபோதும், புள்ளிக்காரி வந்துட்டாளா என்று ஒரு புறாவைத்தான் கேட்டான்.

சிடோனி அழுதாள். அழுது முடித்ததும் புறாக்களை மொத்தமாக விற்றாள், கூண்டைப் பிரித்தாள், அந்தப் பலகையிலேயே கொட்டகை போட்டுச் சலவைத் தொட்டிகளை உள்ளே வைத்தாள். இனி எந்தப் புறாக்காரனும் என் வாசல் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வதும் இனி கல்யாணமே வேண்டாம் என்பதும் ஒன்றுதான்.

அப்படி இருக்கையில்தான் ஒடீல் வந்தான். அக்கரைக்காரன், மதுபான ஆலையின் பீர் வண்டி ஓட்டுகிறவன். செவ்வாய்க்கிழமைதோறும் விடுதிகளின் மேசை விரிப்புகளை மூட்டை கட்டி அவளிடம் சலவைக்குக் கொண்டுவருவான். ஈரக் கூடையைச் சொல்லாமலே தூக்கிக் கொடுப்பான். குதிரையைப் பற்றிப் பேசுவான், மழையைப் பற்றிப் பேசுவான், அவள் போட்ட காபியைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பான். ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் அவன் தொப்பியில் சின்ன இறகு ஒன்று ஒட்டியிருந்ததை சிடோனி எடுத்துப் பார்த்தாள். கோழி இறகு இல்லை. ஒடீலின் காது சிவந்துவிட்டது. நாற்பது புறா இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் துரத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை பழகிப்போயிருந்தது, என்ன செய்ய! அந்தப் பாவி அதே நாளில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைக் கட்டிக்கிறீங்களா என்றும் கேட்டுவிட்டான். சிடோனிக்கு ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

அடுத்த வாரம் பிரம்புக் கூடையில் இரண்டு புறா கொண்டுவந்தான். ஒன்று நீல நிற ஆண், ஒன்று வெள்ளைப் பெண்.

"மூஞ்சிக்கு நேரா நின்னு உங்கள நெருக்க எனக்குப் புடிக்கல," என்றான். "இனி இந்தப் பக்கம் வேற ஆள் வண்டி ஓட்டுவான். சரின்னா வெள்ளச்சிய விடுங்க. வேணாம்னா நீலன விடுங்க. எங்கிருந்து விட்டாலும் என் வீட்டுக்கு வந்துடும். நீலன் வந்தா நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

கொட்டகையில் அடைத்துவைக்கச் சொல்லி, ஒரு தகர டப்பா நிறையச் சோளமும் கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டு இர்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ரெண்டையும் சூப்பு வச்சிடுடி, பதில் சொல்ற வேலையே மிச்சம் என்றாள்.

சிடோனி நாளைத் தள்ளினாள். அவளை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான்: இவனுக்கும் நான் புறாவுக்கு அடுத்தவள்தானா? ஒருமுறை அப்படி வாழ்ந்தாயிற்று. இன்னொரு முறை முடியாது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் வேறு ஆள் வந்து, மூட்டையை வாசலில் எறிந்துவிட்டுப் போனான். அவள் காபி போட்டுத் தானே குடித்தாள். பாதியைச் சலவைத் தொட்டியில் ஊற்றினாள். சரி, வெள்ளச்சியை விட்டுவிடுவோம் என்று ஒரு காலையில் கொட்டகைக்குப் போனாள்.

போனால் வெள்ளச்சி உடைந்த தொட்டிக்குள் வைக்கோலையும் சிடோனியின் பழைய காலுறை ஒன்றையும் பரப்பி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அடியில் இரண்டு முட்டை. ஒரே கொட்டகையில் ஆணையும் பெண்ணையும் அடைத்தால் வேறென்ன நடக்கும்? இப்போது வெள்ளச்சியை விட்டால் முட்டை குளிர்ந்து செத்துப்போகும். புறா என்றாலே எரிந்து விழுகிற சிடோனிக்கு அதற்கு மனசு வரவில்லை. குஞ்சு பொரியட்டும், இத்தனை நாள் பொறுத்தவன் இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டானா என்று கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை ஊருக்கே சலவை நாள். சிடோனி இரண்டு கையிலும் வாளியோடு கொட்டகைக் கதவை முழங்காலால் தள்ளினாள். நீலன் அவள் தலைக்கு மேலே ஜிவ்வென்று வெளியே பறந்துவிட்டது.

அவள் வாளிகளை அங்கேயே போட்டாள். வேண்டாம் என்கிற பதில் ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது! அவள் என்ன செய்தாள் தெரியுமா? கொடியில் கிடந்த ஈரத் துணி அத்தனையையும் உருவினாள். விரிப்பு, தலையணை உறை, பாதிரியாரின் அங்கி, எல்லாம் புல்லில் விழுந்தன. சோளத் தகரத்தைக் குலுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சீட்டியடித்தாள். தெருவில் போனவர்கள் அப்படியே நின்றார்கள். இர்மா வாயில் கவ்வியிருந்த துணிக் கவ்வி கீழே விழுந்தது. யாரும் கிண்டல் பண்ணவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

நீலன் திரும்பவில்லை. பகலில் ஆண் புறாதான் அடையில் உட்கார வேண்டும். அதன் முறை வந்தும் ஆள் இல்லை, வெள்ளச்சி எழுந்திருக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. சிடோனி தண்ணீரையும் சோளத்தையும் அதன் அலகுக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். நீ உக்காரு, நான் போறேன் என்று அதனிடம் சொன்னாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் இர்மாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு மிதித்தாள்.

ஒடீல் தன் வீட்டு முற்றத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். நீலன் அவன் கையில் இருந்தது. அவன் கண் சிவந்திருந்தது என்று சிடோனி இன்றைக்கும் சொல்வாள். தூசி விழுந்தது என்பான் அவன்.

"நான் நீலன அனுப்பல," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "கதவத் தொறந்தேன், ஓடிட்டான். வெள்ளச்சிய அனுப்ப முடியல, அடையில இருக்கா. அதான் நானே வந்தேன்."

ஒடீல் எழுந்து நின்றான். அப்புறம் கேட்டான்: "எத்தன முட்ட?"

சிடோனிக்கு வந்ததே ஒரு கோபம்! ஆற்றைத் தாண்டி ஒருத்தி தன்னையே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், இவன் முட்டையை எண்ணுகிறான். எல்லாப் புறாக்காரனும் ஒரே அச்சுதான்.

"ரெண்டு," என்றாள். "ஆணையும் பொண்ணையும் ஒண்ணாக் குடுத்தா எத்தன இருக்கும்? தெரிஞ்சேதான குடுத்தீங்க?"

"சத்தியமா இல்ல. ஒரு வாரத்துல சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் சைக்கிளைத் திருப்பினாள். அவன் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் நில்லுங்க. என் புறா நாப்பதும் இந்த வீட்ல பொறந்ததுங்க. உங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போனாலும் தொறந்து விட்டா இங்கதான் வந்து நிக்கும். உங்களுக்குத் தொழில் அங்க, வாடிக்கை அங்க. உங்கள இங்க வாங்கன்னு எந்த வாயால கேக்கறது? அதான் கேக்கறதுக்கே ஒரு வருஷம் ஆச்சு." நீலனை மெல்லத் தடவினான். "இதுங்கள என் அண்ணன் மகன் பாத்துக்குவான். பேசி முடிச்சுட்டேன், உங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே. நான் உங்க வீட்டுக்கு வெறுங்கையாத்தான் வரணும்னு இருந்தேன். இப்ப ரெண்டு உங்க வீட்லயே பொறக்கப் போகுதுன்னா, அதுக்கு உங்க வீடுதான் வீடு. அதான் எத்தனன்னு கேட்டேன்."

கூரை மேலே மற்ற புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன. சிடோனி அண்ணாந்து அவற்றைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். ஏப்ரன் முனையால் முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கூடைய எடுங்க," என்றாள். "நீலன் மொற எப்பவோ வந்துடுச்சு. அவ அங்க தனியா உக்காந்திருக்கா."