ரயில் பட்டறையில் செய்த கார்

ஒட்டுசுட்டானுக்கு இப்பால் ஒரு குளக்கட்டில் நிற்கிறோம். அத்தானின் மூன்று சில்லு, முட்டை வடிவக் குட்டிக் காருக்கு எதிரே ஒரு மாட்டுவண்டி. இரண்டும் விலக இடமில்லை. வண்டிக்குள் பிள்ளைப்பேற்று வலியில் ஒரு பெண் முனகுகிறாள்.

"காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ ஐயா. மனுசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்," என்கிறார் வண்டியோட்டி வந்த யூசுப்.

காருக்கு றிவேர்ஸ் கியர் கிடையாது. அதை ஒப்புக்கொள்ள அத்தானுக்கு மனமில்லை. காரின் முகத்தையே கதவாகத் திறந்து இறங்கி, அதன் பூர்வீகத்தைத் தொடங்குகிறார்.

"இது இங்கிலாந்திலை, ரயில் எஞ்சின் செய்த பட்டறையிலை செய்தது. அந்தப் பட்டறைக்கு றோட்டே இல்லை. காரெல்லாம் ரயிலிலைதான் வெளியிலை வரும்."

"ரயில் பின்னுக்கும் போகுமே ஐயா," என்கிறார் யூசுப்.

நானும் யூசுப்பும் காரின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைக்கிறோம். இப்போது கார் ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்கிறது. மனைவியைக் காரில் ஏற்றி, யூசுப்பும் நெருக்கிக்கொண்டு ஏறுகிறார். மாடுகள் என் பொறுப்பாகின்றன.

பின்னேரம் நான் வண்டியோடு போய்ச் சேரும்போது, யூசுப் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வருகிறார்.

"பொம்பிளைப் பிள்ளை தம்பி! ரெண்டு பேரும் சுகம்."

"கார் நல்லா ஓடினதோ?"

"ஐயா பாதி வழி இங்கிலாந்துக் கதைதான் சொன்னவர். 'கதையை விட்டிட்டுக் காரை ஓடுங்கோ' எண்டு மனுசி கத்தினா. அதுக்குப் பிறகு பறந்தது!"