லோஜனின் கணக்கு

நிரோஜா கரவெட்டி வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த முதல் வருடம், கையால் எழுதிய பாட ஒப்படைகளை வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவளுக்குக் கணினி பழக்கமில்லை. வீட்டில் இருந்தது அண்ணன் லோஜனின் மடிகணினி. லோஜன் முந்தைய ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான்.

மூடியைத் திறந்தால் அவனுடைய சிரித்த முகம் வரும், கீழே பெயர் வரும். பின்னேரங்களில் தாய் இராசமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஒருக்கால் போடு பிள்ளை" என்பாள். முகம் மறையும்வரை பார்த்து நிற்பாள். பிறகுதான் நிரோஜா ஒற்றை விரலால் எழுத்துத் தேடத் தொடங்குவாள். அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்று பிழை பார்ப்பதுபோல இருக்கும். திரும்பமாட்டாள்.

முதல் ஒப்படையை அனுப்பிய பிறகு, கணினிக்கூடத்தில் விரிவுரையாளர் கேதீஸ்வரன் அவளைக் கூப்பிட்டார்.

"லோஜன் ஆர்?"

அண்ணனை எங்கேயோ கண்டுவிட்டு வந்து கேட்கிறார் என்றே ஒரு கணம் நினைத்தாள்.

"என்ரை அண்ணை, சேர்."

"எழுதினது லோஜன் எண்டு உம்மடை கோப்பிலை கிடக்கு. அண்ணையைக் கொண்டு செய்விச்சனீரோ?"

"இல்லை சேர். அண்ணை மோசம் போட்டார். அவரின்ரை கணினியிலை நான்தான் அடிச்சனான்."

அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்திருந்த மடிகணினியில் பெயர் மாற்றும் இடத்தைக் காட்டினார். அவள் பெயரைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'லோ' மிஞ்சியபோது கை ஓடவில்லை.

"அழிக்காமல் ஏலாதோ, சேர்?"

"ஏலும். உமக்கெண்டு வேறை கணக்கு திறப்பம். அண்ணையின்ரை கணக்கு அப்பிடியே கிடக்கட்டும்."

அன்று பின்னேரம் திரையில் லோஜனுக்குக் கீழே நிரோஜாவின் படமும் வந்தது. இராசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏன் அவனோடை போய் நிக்கிறாய்?"

"படிப்புக்கு அம்மா. சேர்தான் செய்து தந்தவர்."

"உன்னை உதுக்குள்ளாலை எடு பிள்ளை." உள்ளே வரவில்லை. "இப்ப எடு."

எடுப்பது எப்படியென்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே தேடிப் பிடித்தாள். நிரோஜாவுக்குரிய எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கணினி கேட்டது. ஓம் என்று அழுத்தினாள்.

மிச்ச ஒப்படைகளை நூலகக் கணினியில் செய்தாள். பத்து விரலாலும் அடிக்கப் பழகினாள், கணினிப் பாடத்தில் நல்ல புள்ளியும் எடுத்தாள். வீட்டில் மடிகணினியைத் தாய்க்குத் திறந்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். அங்கே நின்றாலும் அம்மா உள்ளே கதைப்பது கேட்கும். இடையிடையே, பதிலுக்குக் காத்திருப்பதுபோல, நிறுத்துவாள்.