சிவப்பு நாற்காலியை நகர்த்திய காமினி

பினாங்குக்குக் குடிவர நினைப்பவர்கள் வழக்கமாக வீட்டு வாடகையை விசாரிப்பார்கள், பாலத்து நெரிசலை விசாரிப்பார்கள், நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு பதில் வரும். யாருமே விசாரிக்காத ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் வந்ததால்தான் காமினி, வந்த முதல் நாளே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டாள். மீதிப் பாதிக்கு மறுநாள் காலையில்தான் செய்தி போய்ச் சேர்ந்தது.

காமினிக்கு நாற்பத்து நான்கு வயது. கோலாலம்பூரில், செந்தூல் பக்கம், பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்தவளுக்கு அண்ணன் சிவநேசன் தன் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தான். கெட்டவன் இல்லை. ஆனால் தினமும் சாப்பிட உட்காரும்போது, "அந்த வேனை வித்துட்டு நம்ம கடையில உக்காரு லா" என்பான், மலேசியப் பேச்சுக்கே உரிய அந்த 'லா' வாலோடு. அவனுடையது கார் உதிரிபாகக் கடை. அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள். ரசத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். காமினிக்கு ஒரே ஆசைதான். தன் கையில் மட்டும் சாவி இருக்கும் ஒரு கதவு வேண்டும்.

அவள் ஓட்டிக்கொண்டிருந்த தடத்தில் பெரிய பஸ்காரர்கள் புகுந்ததும், பினாங்கில் சுங்கை பினாங்கு வட்டாரத்தில் வேன் தட்டுப்பாடு என்று யாரோ சொன்னார்கள். அடுக்குமாடி ஒன்றில் வீடு பிடித்துக் கிளம்பிவிட்டாள். சிவநேசன் வாசலில் நின்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டான்.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வேன் நெறையணும். நெறையலன்னா வேனை வித்துட்டு வந்துரணும். சரியா?"

"சரி," என்றாள். சொன்னால் சொன்னதுதான் என்கிற பிறவி அவள்.

வந்து இறங்கிய அன்று கீழே வண்டி நிறுத்தக் கோடு போட்ட எல்லாக் கட்டங்களிலும் வண்டிகள். ஒன்று மட்டும் காலி. அதன் நடுவில் கால் ஒன்று வெடித்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. காமினி இறங்கி, நாற்காலியைத் தூக்கிக் குப்பைத்தொட்டி அருகே வைத்துவிட்டு வேனை நிறுத்தினாள். கோலாலம்பூரில் எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இங்கே அப்படி இல்லை. வண்டி நிறுத்தும் கட்டம் பொதுச் சொத்து என்று சட்டம் சொல்லும். குடியிருப்பவர்கள் சொல்லமாட்டார்கள். பூந்தொட்டி இருந்தால் அது ஒருவருடையது, சிமெண்ட் ஊற்றிக் குச்சி நட்ட பெயிண்ட் டின் இருந்தால் அது இன்னொருவருடையது. யாருடையது என்று எங்கும் எழுதியிருக்காது, எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சிவப்பு நாற்காலி ஜெயலெட்சுமியுடையது.

ஜெயலெட்சுமி என்று முழுப்பெயர் சொன்னால் அவருக்கே யாரென்று புரியாது. ஊருக்கு அவர் ஜெயம்மா. பிரசவ வார்டில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் தாய் முகத்தைப் பார்க்கும் முன்பே அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒருமுறை சம்மன் எழுத வந்த போலீஸ்காரரை உற்றுப் பார்த்து, "நீ கால் முன்னால வந்த பிள்ளதானே?" என்று கேட்டாராம். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டாராம். நான் பார்க்கவில்லை. பார்த்ததாக மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜெயம்மா தன் பழைய சின்னக் காரில் வந்து சேர்ந்தபோது காமினி பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நாற்காலிய எடுத்தது?"

"நான்தான் ஆன்டி. குப்பைன்னு நெனச்சேன்."

"குப்பையா."

"இது பொதுப் பார்க்கிங்தானே லா? உங்க பேரு எழுதியிருக்கா?"

"எழுதலம்மா," என்றார் ஜெயம்மா. "எழுதற அவசியம் இதுவரைக்கும் வரல." பிறகு வேனின் மஞ்சள் நிறத்தைப் பார்த்தார். "ஸ்கூல் வேனா? நல்லா ஓடட்டும்."

சிரித்துக்கொண்டே மாடி ஏறிப் போய்விட்டார். காமினி அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

பெரிய நகரத்தில் சண்டை போட்டவரை மறுபடி பார்க்கவே மாட்டோம். கம்பம் என்கிற சின்னக் கிராமத்தில் மறுநாளே சமாதானமாகித்தான் தீரவேண்டும். கிணறும் கடையும் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பினாங்கு மாதிரி ஊர்தான் ஆபத்தானது. சண்டை போட்டவரைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது, சமாதானம் பண்ணிவைக்க யாரும் அவசரப்படவும் மாட்டார்கள். கதை நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

கதை நன்றாகவே ஓடியது. சாயங்காலம் காமினி நாற்காலியை நகர்த்தினாள் என்றிருந்தது, மறுநாள் காலை சந்தையில் எட்டி உதைத்தாள் என்றாகிவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை நாசி கண்டார் சோற்றுக்கடைகளுக்குப் போனபோது உடைத்தாள். மலையைத் தாண்டி பாலிக் புலாவ் போய்ச் சேர்ந்தபோது, ஏழாம் மாடியிலிருந்து வீசினாள், கீழே போன கோழி ஒன்று அங்கேயே முடிந்துபோனது.

காமினிக்கு இது ரொட்டி வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. கடைக்காரன் ஹக்கீம் மாவை வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"நாற்காலி அக்கா நீங்கதானா?"

"என்னா நாற்காலி அக்கா?"

"கோவிக்காதீங்க லா. கோழி செத்துருச்சாமே?"

"எந்தக் கோழி தம்பி?"

"அது எனக்குத் தெரியாது. நான் சொல்லல, சொல்றாங்க. ரொட்டி ரெண்டா மூணா?"

காமினி அசரவில்லை. படம் போட்ட நோட்டீஸ் அச்சடித்து எல்லா மின்தூக்கிகளிலும் ஒட்டினாள். போன் அடித்தது. ஒவ்வொரு போனும் ஒரே மாதிரி முடிந்தது. அடுத்த கட்டடத்து லோகேஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள். பழைய வேன்காரர் ஓய்வு பெற்றதால் தவித்துக்கொண்டிருந்தவள்.

"லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, வேனுக்குள்ள கேமராவும் இருக்கு," என்றாள் காமினி.

"அதெல்லாம் இருக்கும் லா அக்கா. ஜெயம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

ஜெயம்மா கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், "எனக்கு அந்தப் பிள்ளையத் தெரியாதே," என்றார். அவ்வளவுதான். பிள்ளையை வேனில் ஏற்றி அனுப்புகிற தாய்க்கு அதைவிடக் கெட்ட சொல் வேறு இல்லை.

கீழ்வீட்டில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ரொஸ்னா, மலாய் மொழியில் இரக்கப்பட்டாள். "போய் மன்னிப்புக் கேட்டுவிடு. ஜெயம்மா நல்லவர்." காமினிக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் புது நாற்காலி ஒன்றை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஜெயம்மா உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"தெரியாம பண்ணிட்டேன் ஆன்டி."

"நாற்காலிக்கு நாற்காலி சரியாப் போச்சும்மா. காப்பிக்குச் சீனி போதுமா?"

அதோடு சரி. கோபம் போய்விட்டது, பழக்கம் வரவில்லை. கேட்டவர்களிடம் ஜெயம்மா இன்னும் தெரியாது என்றுதான் சொன்னார். பொய்யும் இல்லை. காப்பி குடித்தவரையெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட முடியுமா?

சிவநேசன் போன் பண்ணினான்.

"எத்தனை பிள்ளைங்க சேர்ந்திருக்கு?"

"பேசிக்கிட்டு இருக்காங்க."

"யாரு, பிள்ளைங்களா? காமினி, தைப்பூசம் முடிஞ்சதும் பள்ளிக்கூடம் தொறந்துரும். அண்ணி உன் ரூமைக் கூட்டி வெச்சிருக்கா."

அண்ணியே கூட்டிவிட்டாள் என்றால் காரியம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வந்தது. கோலாலம்பூரில் ரதம் ராத்திரியில் புறப்படும். பினாங்கில் விடியற்காலை புறப்பட்டு, வழியெல்லாம் மலைபோல் குவித்த தேங்காய்களை வாங்கிக்கொண்டு, பொழுதெல்லாம் ஊர்ந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும். ரதம் போகும் தெருக்கள் மூடிவிடும். இதுவும் வருவதற்கு முன் தெரிந்துகொள்ளவேண்டியதுதான். காமினிக்குத் தெரியாது.

நாங்கள் அடுக்குமாடிப் பெண்கள் வருஷா வருஷம் தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போடுவோம். ஜெயம்மாதான் தலைவி. அன்று தக்காளிச் சோறும் மோரும் அண்டா அண்டாவாகத் தயாராகிக் கீழே நின்றன. ஏற்றிப்போக வேண்டிய லாரி, கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில், பாலத்து நெரிசலில் நின்றது. ஜெயம்மா போனைக் காதில் வைத்தபடி அங்குமிங்கும் நடந்தார். அவர் நடந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள்தான் அவரிடம் நடந்து வருவார்கள்.

காமினி படியிறங்கி வந்தாள். பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வேனின் பக்கக்கதவை இழுத்துத் திறந்தாள்.

"பின் சீட்டை மடக்கினா அண்டா நிக்கும். பொம்பளைங்க நடுவுல உக்காருங்க."

"மறுபடியும் மன்னிப்புக் கேக்க வந்தியா?" என்றார் ஜெயம்மா.

"இல்ல ஆன்டி. வேன் சும்மாதான் நிக்குது."

ஜெயம்மா போனை அணைத்தார். பிறகு முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். நாங்கள் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். என் மடியில் அப்பளக்கூடை.

வண்டி புறப்பட்டதுமே விசாரணை ஆரம்பித்தது.

"அப்பா எந்த ஊரு?"

"சுங்கை சிப்புட்."

"தோட்டமா, டவுனா?"

"ரப்பர் தோட்டம். அப்பா தோட்டத்து லாரி டிரைவர்."

"அப்ப ரத்தத்துல ஓடுது. ஏன் புருஷன்கூட இல்ல?"

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன் ஆன்டி. எது வந்தாலும் நேரா போய் முட்டுவான்."

நடுவில் இருந்த நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அப்பளத்துக்குத் தெரியும்.

டத்தோ கெராமாட் சாலைக்குள் நுழைய ஒரு சந்தில் திரும்பினாள். சந்து முனையில் தடுப்பு வேலி, அதற்கப்பால் சனக்கடல், தேங்காய் உடைகிற சத்தம். திருப்ப இடமில்லை. இரு பக்கமும் வண்டிகள் ஒட்டிநின்றன. நடுவில் வேனுக்கு ஒரு சாண் அதிகம் இருந்தால் அதிகம்.

"இறங்கித் தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான்," என்றாள் எங்களில் ஒருத்தி.

"யாரும் அசையாதீங்க லா," என்றாள் காமினி.

இரு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கினாள். கழுத்தை மட்டும் திருப்பி, ஒரு கையால் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்து, அந்தச் சந்து முழுவதையும் பின்னாலேயே கடந்தாள். நடுவில் வளைவு ஒன்று உண்டு. வளைவில் மீன்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் நின்றது. அதையும் தொடவில்லை. எங்களில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. ஜெயம்மா மட்டும் முன்னால் பார்த்தபடி, பிரசவ வார்டில் பேசுகிற குரலில், "மெதுவா, மெதுவா, அப்படித்தான், வந்துருச்சு," என்றார்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவர் கையை நீட்டினார். "லெப்ட்ல போ. க்ரீன் லேன் சுத்தி, ஸ்காட்லாந்து ரோடு வழியாப் போயிடலாம்." அதன்பிறகு வழி அவருடையது, வளையம் இவளுடையது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் யாராவது கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்தார்கள். ஜெயம்மா நாற்காலிக்காரியின் வேனில், அதுவும் முன் சீட்டில். பார்த்தவர்கள் உடனே போனை எடுத்ததை நாங்களும் பார்த்தோம்.

பந்தலை அடைந்தபோது எங்களுக்கு முன்பே செய்தி வந்து நின்றது. சந்து முழுக்கப் பின்னால் ஓட்டினாள் என்றார்கள். மத்தியானத்துக்குள் க்ரீன் லேன் வரை பின்னாலேயே ஓட்டியிருந்தாள். சாயங்காலம் பாலிக் புலாவிலிருந்து வந்த ஒரு தம்பதி, பட்டர்வொர்த்திலிருந்து பாலம் முழுவதையும் பின்னாலேயே கடந்து வந்த அம்மா இவரா என்று கேட்டுக் கைகூப்பினார்கள். நான் மறுக்கவில்லை. மோர் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பது மட்டும் சத்தியம். மூடியைத் திறந்து நானே பார்த்தேன்.

லோகேஸ்வரி வரிசையில் தட்டோடு வந்தாள். ஜெயம்மா சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெயம்மா, இந்த அக்காவ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? என்னைக் கூட்டிட்டு வந்த பிள்ள. சுங்கை சிப்புட் லாரி டிரைவர் மக." கரண்டியை நிறுத்தினார். "உன் பெரியவன் வண்டியில வாந்தி எடுப்பானே, சொல்லிட்டியா?"

லோகேஸ்வரி காமினி பக்கம் திரும்பினாள். "அக்கா, ரெண்டு எடம் வெச்சிருப்பீங்கதானே?"

மோர் ஊற்றிக்கொண்டிருந்த காமினி நிமிர்ந்தாள். எத்தனை நாள் காத்திருந்தாளோ, முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை.

"ஜெயம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் லா."

ஜெயம்மா சிரித்த சிரிப்பில் கரண்டிச் சோறு லோகேஸ்வரியின் தட்டுக்கு வெளியே விழுந்தது.

பந்தலைப் பிரிப்பதற்குள் வேன் நிறைந்துவிட்டது. மறுநாள் வந்து கேட்டவர்களுக்கு இடமில்லை. சிலர் ஜெயம்மா மூலமாகச் சிபாரிசு பிடித்தார்கள். காமினி அதற்கும் மசியவில்லை. வேனில் எத்தனை பெல்ட்டோ அத்தனை பிள்ளைகள்தான் என்றாள். அதைச் சொல்லும்போது ஜெயம்மா பக்கத்திலேயே நின்று தலையாட்டினார். கோலாலம்பூரில் எத்தனை வருஷம் ஓட்டியும் கிடைக்காத மரியாதை அது.

பள்ளி திறந்த அன்று காலை, பிள்ளைகளை ஏற்றி முடித்த நேரம் சிவநேசன் கூப்பிட்டான். காமினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னா முடிவு பண்ணின? லாரி அனுப்பவா, சாமான் ஏத்த?"

பின்னால் ஒருவன் பாடினான், ஒருத்தி அழுதாள், லோகேஸ்வரியின் பெரியவன் பிளாஸ்டிக் பையைக் கேட்டான்.

"என்னா சத்தம் அது? எங்க இருக்க?"

"வேலையில அண்ணே. அந்த ரூமை வாடகைக்கு விட்டுரு."

சிவநேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காமினி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் கியரைப் போட்டாள்.