வேறு கம்பெனி போல்ட்

எட்டாவது வரை படித்தவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒக்கலிபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு வந்ததும் டார்க் ஸ்பானர் ‘டக்’ என்றது. எனக்கு முகம் சுட்டது.

சிறுவயதில் நீலசந்திராவில் இருந்தோம். அப்பா மெக்கானிக். ஒரு டெம்போ இன்ஜினில், சுழலும் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கு டெம்போக்காரர் வேறு கம்பெனி போல்ட் வாங்கி வந்தார். அப்பா வழக்கமான அளவிலேயே முறுக்கினார். அந்த போல்ட்டுக்கு அது அதிகம். மறுவாரமே இன்ஜின் இறுகி நின்றது.

“ஏன் மேஸ்திரி, எவ்ளோ டைட் பண்ணணும்னு டப்பா மேலயே இங்கிலீஷ்ல போட்டிருக்கே, பாக்கலியா?” என்று டெம்போக்காரர் தெருவே கேட்கக் கத்தினார். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“கண்ணாடிய வீட்ல வெச்சிட்டேன் சார்.”

“அப்போ பாப்பாவ அனுப்பு, எடுத்தாரட்டும். இப்பவே படி.”

அப்பாவுக்குக் கண்ணாடியே கிடையாது. இங்கிலீஷ்தான் தெரியாது. அவர் என்னைப் பார்க்காமல், “போய் எடுத்தா” என்றார். வீட்டுக்குப் போனேன், அங்கே திரும்பிப் போகவில்லை.

மறுநாள் அப்பா சிவாஜிநகரில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.