ஒன்பதாம் வீடும் ஐம்பத்தெட்டாம் வீடும்

சுனாமிக்கு அடுத்த வருடக் கடைசியில், மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்தது இது. கடலோரத்தில் வீடிழந்து கூடாரங்களில் கிடந்த குடும்பங்களுக்கு ஓர் உதவி நிறுவனம் எழுபத்திரண்டு வீடுகள் கட்டியது. முப்பத்தொரு வருடம் காணிப் படம் வரைந்து ஓய்வுபெற்றவன் என்பதால், அந்தக் குடியிருப்பின் படத்தையும் என்னையே வரையச் சொன்னார்கள்.

ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. யாருக்கு எது என்று சண்டை வரக்கூடாது என்பதற்காகக் குடும்பத் தலைவர்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, அந்த ஒழுங்கிலேயே இலக்கம் போட்டேன். மூன்று தடவை சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மேலிடமும் ஒப்பமிட்டு அனுப்பியது.

வீட்டுச் சாவிகளை, எங்கள் பேச்சில் திறப்புகளை, கொடுக்கும் நாளில் பட்டியலோடு போய் நின்றேன். ஒன்பதாம் வீட்டுத் திறப்பை வாங்கிய பெண், தன் தங்கைக்கு எந்த வீடு என்று கேட்டாள். ஐம்பத்தெட்டு என்றேன். அவள் அங்கே நடந்துபோனாள். என்னால் எண்ணாமல் இருக்க முடியாது; பின்னாலேயே போய் எண்ணினேன். நூற்று எழுபத்தாறு காலடி.

"ஐயா, தங்கச்சி ஏழு மாசம். அம்மாவையும் கடல் கொண்டு போயிட்டு. அவள்ர புருசன் தோணியில போனா விடியத்தான் வருவான். நோவு எடுத்தா அவள் ஆரைக் கூப்பிடுற?"

"பிள்ளை, பாரபட்சம் இருக்கப்படாதெண்டுதான் ஆம்பிளைகளிட பேர் ஒழுங்கில போட்டன்."

பக்கத்தில் நின்றவள் ஒருத்தி, "ஆம்பிளைகளோ? அவங்க நம்மட வீட்டுக்கு வந்து ஏறின ஆக்கள் கா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தமக்கை சிரிக்கவில்லை.

"ஐயா ஆர்ர வீட்டில இருக்கீங்க?"

"என்ட மனிசிட வீட்டில."

"பக்கத்தில ஆரு?"

"மனிசிட தங்கச்சி."

"அப்ப எங்களை மட்டும் ஏன் இப்பிடிப் பிரிச்சிப் போட்டீங்க?"

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தன் வளவுக்குள்ளேயே மகளுக்கும் வீடு கட்டிக் கொடுப்பாள். மணம் முடித்தவன் அங்கே வந்து இருப்பான். அக்காவும் தங்கையும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். எனக்கு இது தெரியாதா? தெரியும். பிறகு எப்படி அந்தப் படத்தை வரைந்தேன்?

ஒப்பமான பட்டியலை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. மாற்றினால் வீடுகளையே நிறுத்திவிடுவார்களோ என்று பயம். மாற்றாவிட்டால் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி தனியாகக் கிடப்பாள். கடைசியில் பத்தாம் வீட்டுக்காரரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மனைவிதான், "எங்கட அம்மா அம்பத்தேழாம் வீட்டில. கேட்டுக்கொண்டு நிக்காம மாத்துங்க ஐயா" என்று திறப்பை என் கையில் வைத்தாள்.

அவ்வளவுதான், எல்லாப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்திக்குத் தாய் பக்கத்தில் வேண்டும், இன்னொருத்திக்கு மகள். பெண்ணை அவள் உறவுக்குப் பக்கத்தில் போடும் முறையைப் பிடித்துக்கொண்டேன் என்று நான் நினைத்த நேரத்தில், ஒரு பெண் காதோடு வந்து, "என்ட அக்காட பக்கத்தில மட்டும் போட்டிராதீங்க" என்றாள். அதற்கும் ஓம் என்றேன். பின்னேரம் பார்த்தபோது நாற்பத்து மூன்று இலக்கங்கள் மாறியிருந்தன. என் கையெழுத்தே எனக்கு விளங்கவில்லை. மேலிடத்தில் திட்டினார்கள், ஆனால் வீடுகளைப் பறிக்கவில்லை. தங்கைக்குப் பத்தாம் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது; அக்கா வேலியைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்தாளாம்.

போர் முடிந்தபின் உன்னிச்சைப் பக்கம் மீளக் குடியேறியவர்களுக்கும் படம் வரையக் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர். இருபத்தொன்று பெண்களுடையவை, கணவன் இல்லாதவர்கள். பென்சிலை எடுக்காமல் முதலில் அவர்களிடம் போனேன். சிலர் சகோதரிக்குப் பக்கத்தில் கேட்டார்கள், சிலர் வீதியோரம் கேட்டார்கள், ஒருத்தி பழைய கிணற்றைவிட்டு நகரமாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் அடக்க என்னால் முடியவில்லை.

முப்பத்தாறு வருடம் மனைவியின் வீட்டில் வாழ்ந்தவனுக்கு, படம் வரைய உட்கார்ந்ததும் அந்த வாழ்க்கை எப்படி மறந்துபோனது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பிழையே இல்லை என்று தோன்றுகிற படத்தைக் கண்டால்தான் இப்போது அதிகம் பயப்படுகிறேன்.